மெத்தனால் எந்த ஊறலில் பிறந்தது?



2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் பாக்கெட் சாராயம் குடித்த 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருணாபுரம் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. இறந்தவர்களில் பலர் தினக்கூலிகள். "குடித்துச் செத்தவனுக்கு அரசு 10 லட்சமா?" என்ற கேள்வி அப்போது எங்கும் ஒலித்தது. அதற்குப் பதில் சொல்ல, அந்தப் பாக்கெட்டுக்குள் இருந்தது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் போட்டு ஊறவைத்துக் காய்ச்சுவது பழைய நாட்டுச் சாராயம். ஊறல் புளிக்கும்போது உண்டாகும் போதைப்பொருள் எத்தனால். வெல்ல ஊறலில் மெத்தனால் மிகமிகக் குறைவு. பழம் சேர்த்தால் சற்றுக் கூடும். காய்ச்சும்போது ஊறலில் இருப்பதுதான் பிரிந்து வரும், புதிதாக மெத்தனால் உண்டாகாது. நாட்டுச் சாராயமும் உடலைக் கெடுக்கும், குடும்பத்தைக் குலைக்கும். அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு தெருவையே ஒரே நாளில் சாய்க்கும் மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. வார்னிஷ், பெயின்ட் போன்றவற்றுக்குப் பயன்படும் அது, பார்க்கவும் முகரவும் ஏறக்குறைய சாராயம் போலவே இருக்கும்.

இது அரசுக்குத் தெரியாததா? 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பிறகு அது மாகாணம் முழுவதும் பரவியது. மெத்தில் ஆல்கஹாலையும் வார்னிஷையும் கட்டுப்படுத்த 1959இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. அதாவது, இந்தச் சரக்கு குடிப்பவர் கைக்குப் போகக்கூடும் என்று சட்டம் 65 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1983இல் டாஸ்மாக் பிறந்தது. கொள்கை மாறிக்கொண்டே இருந்தாலும் சாவு நிற்கவில்லை. 2001இல் பண்ருட்டிப் பக்கம் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவர்களும், செங்கல்பட்டு மாவட்ட ஏழைகளும் இறந்தார்கள். குடித்தது தொழிற்சாலை மெத்தனால் என்று காவல்துறைத் தலைமையே அப்போது அறிவித்தது. அடுத்த ஆண்டே கருணாபுரம்.

மெத்தனால் உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பை அழிக்கிறது. இதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால் குடித்தவர் முதலில் நன்றாகவே இருப்பார். அந்த இடைவெளியில் மாற்று மருந்தும் டயாலிசிஸும் கிடைத்தால் பலரைக் காப்பாற்றலாம். கள்ளக்குறிச்சியில் முதல் சாவுகள் நடந்தபோது, காரணம் கள்ளச்சாராயம் இல்லை என்றது மாவட்ட நிர்வாகம். உயிரைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் வந்த பேச்சு அது.

பின்னர் ஆட்சியர் மாற்றப்பட்டார், சட்டத்தில் ஆயுள் தண்டனை சேர்ந்தது, வழக்கு சிபிஐக்குப் போனது. பாக்கெட் விற்றவரோடு விசாரணை நின்றுவிடக் கூடாது. மெத்தனாலை விற்ற ஆலை எது, கணக்கைப் பார்க்க வேண்டிய அதிகாரி யார், மாவட்ட மருத்துவமனையில் மாற்று மருந்து இருந்ததா என்று ஒவ்வொரு முறையும் நாம் கேட்க வேண்டும்.

நம் தெருவில் யாராவது குடித்துவிட்டு வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் என்று சொன்னால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் சேர்த்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். என்ன குடித்தார்கள் என்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.