நிஜத்தில் பழகிய பேனா

விடுதி நாட்களில் கல்லூரி மலருக்காக நான் ஒரு கதை எழுதினேன். கப்பல் உடைந்து தத்தளிக்கும் மாலுமியின் கதை. படித்துப் பார்த்த தமிழ் ஐயா, "கண்ணீர் நிறைய இருக்கு தம்பி, கடலைத்தான் காணோம்" என்றார். கதை மலரில் வரவில்லை. எனக்கோ கோபமான கோபம். அவர் சொன்னதன் பொருள், பல வருஷம் கழித்து இன்னொரு மாலுமியின் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கியது.

1955 பிப்ரவரி 28. அமெரிக்காவிலிருந்து கொலம்பியா திரும்பிய கல்தாஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். பிழைத்தவர் வெலாஸ்கோ ஒருவர்தான். பத்து நாள் தெப்பத்தில் மிதந்து கரை சேர்ந்தார்.

ஊரே கேட்டுச் சலித்த அந்தக் கதையோடு அவர் 'எல் எஸ்பெக்தாதோர்' நாளிதழுக்கு வந்தார். அங்கே நிருபராக இருந்தவர் 28 வயது கார்சியா மார்க்கேஸ். ஆறு ஆறு மணி நேரமாக இருபது அமர்வுகள். முரண்பாடு வருகிறதா என்று மடக்கி மடக்கிக் கேட்டார். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. புயலே அடிக்கவில்லை! மேல்தளத்தில் சரியாகக் கட்டாமல் வைத்திருந்த ஃப்ரிட்ஜ், டி.வி., வாஷிங் மெஷின் பெட்டிகள் சரிந்து ஆட்களைக் கடலில் தள்ளிவிட்டன. எல்லாம் கடத்தல் சரக்கு. மாலுமியே பேசுவதுபோல் 14 நாள் தொடராக மார்க்கேஸ் எழுதினார். ராணுவ அரசு மறுத்தது. நாளிதழ் புகைப்படங்களோடு நிரூபித்தது.

இன்னொரு மனிதரின் குரலில், ஒரு தகவலும் பிசகாமல் எழுதிய அந்தக் கைதான் 1967-இல் 'நூறாண்டுத் தனிமை' நாவலைத் தந்தது. இது புதிதும் அல்ல. 1703-இல் இங்கிலாந்தைச் சூறையாடிய புயலைப் பற்றி, கண்டவர்களிடம் கடிதம் கேட்டு வாங்கி டேனியல் டீஃபோ ஒரு நூல் தொகுத்தார். 'ராபின்சன் குரூசோ' வந்தது அதன் பிறகு, 1719-இல்.

நானும் முயன்று பார்த்தேன். அப்பா நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். "ஒரே ஒரு நைட் ஷிப்ட் பத்திச் சொல்லுங்கப்பா" என்றேன். "அதுல என்னடா இருக்கு?" என்றார். விடாமல் கேட்டேன். நாலாம் நாள் சொன்னார்: மெஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். இடது காது அங்கேயே போய்விட்டது. வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்பா ஏன் வீட்டில் கத்திப் பேசுகிறார் என்று சின்ன வயதில் எத்தனை முறை முகம் சுளித்திருப்பேன்!

நான் கற்பனையில் படைத்த அப்பாக்கள் எவருக்கும் இப்படி ஒரு காது இருந்ததில்லை. அதன் பிறகு எழுதிய கதையில்தான் முதன்முதலாக ஒரு மனிதர் நடமாடினார்.

தம்பி, தங்கைகளே! கதை எழுத ஆசையா? முதலில் விடுதிச் சமையற்காரரிடமோ, உங்கள் அம்மாவிடமோ ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள். கற்பனை எங்கும் ஓடிவிடாது, காத்திருக்கும். மனிதர்கள்தான் காத்திருக்க மாட்டார்கள்.