ஒருத்திக்கு எத்தனை பிள்ளை? மருதானையில் கைக்குழந்தைப் பராமரிப்புப் பற்றிய ஒரு வாதம்

மருதானை அடங்கும் கொழும்பு 10 என்ற அஞ்சல் வட்டத்துக்குள்ளும் அதன் ஓரங்களிலும் குழந்தைப் பேற்றுக்கும் குழந்தை நோய்க்கும் மிகப் பழைய நிறுவனங்கள் இருக்கின்றன. டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை 1879இல் தொடங்கியது. லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை 1895இல் வந்தது. மாநகர சபையின் தாய் சேய் கிளினிக்குகளில் பிள்ளையின் நிறையும் தடுப்பூசியும் பதிவாகின்றன. ஐந்து வயதானால் பாடசாலை. அதற்கு முன் இரண்டாண்டு முன்பள்ளி. ஆனால் மூன்று மாதத்திலிருந்து மூன்று வயது வரை, தாய் வேலைக்குப் போகும் நாளில் பிள்ளை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் இந்த நகரம் போதிய பொது விடையை வைத்திருக்கவில்லை. தேசிய வைத்தியசாலை ஊழியர்களும், காலையில் மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கும் பெண்களும், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலும் புறக்கோட்டை மொத்தக் கடைகளிலும் கணக்கெழுதுவோரும் ஆளுக்கொரு தனிப்பட்ட விடையைத் தேடிக்கொள்கிறார்கள். அந்த விடைகளில் ஒன்றுதான் வீட்டு முன்னறையிலோ வாடகை மாடியிலோ நடக்கும் 'டே கெயார்'.

இந்த நிலையங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கட்டடம், பதிவு, கமரா, பாடத்திட்டம் என்பவையே முன்னுக்கு வருகின்றன. இவை வேண்டாம் என்பதல்ல என் வாதம். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பொறுத்தவரை, ஒரு பராமரிப்பாளரின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், அதே பராமரிப்பாளர் எத்தனை மாதம் அங்கே நிலைத்திருக்கிறார் என்ற இரண்டுமே தரத்தின் உயிர். இவை சரியில்லாத இடத்தில் மற்றெல்லாம் வெறும் அலங்காரம்.

கணக்கைக் குறைத்தே போட்டுப் பார்க்கலாம். ஆறு மாதக் குழந்தையொன்று ஒன்பது மணிநேரம் நிலையத்தில் இருக்கிறது. மூன்று முறை பாலோ கூழோ ஊட்டவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். ஐந்து முறை உடை மாற்றிக் கழுவவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம். இரண்டு முறை தூங்கவைக்க 15 நிமிடம் வீதம். மொத்தம் 115 நிமிடம். மூன்று குழந்தைகள் என்றால் 345 நிமிடம்; பராமரிப்பாளரின் 540 நிமிடத்தில் 195 நிமிடம் மிஞ்சும். நான்கு குழந்தைகள் என்றால் மிஞ்சுவது 80 நிமிடம், அதற்குள் அவர் தானும் சாப்பிட வேண்டும். ஆறு குழந்தைகள் என்றால் 690 நிமிடம் தேவை, நாளில் அவ்வளவு இல்லை. அப்போது ஏதாவது ஒன்று வெட்டுப்படும். போத்தல் தலையணையில் சாய்த்து வைக்கப்படும், நனைந்த உடை மாறாமல் கிடக்கும், அழும் பிள்ளை அழுது ஓயட்டும் என்று விடப்படும். இதைச் செய்பவர் கல் நெஞ்சக்காரி அல்லர். நேரம்தான் இல்லை. இங்கிலாந்து இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைக்கு ஒருவர் என்று சட்டமாக்கியதும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் ஒரு வயது வரை அதே எண்ணைப் பரிந்துரைப்பதும் வசதியான நாடுகளின் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்தக் கூட்டலைத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

ஊட்டுதலும் கழுவுதலும் 'வேலை', கற்பித்தல் வேறு என்ற பிரிப்பே இங்கே பிழை. ஹங்கேரியில் 1946இல் புடாபெஸ்ட் நகரின் லோட்சி வீதியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லர் இதையே தம் முறைக்கு அடித்தளமாக்கினார். உடை மாற்றும் நேரமே பிள்ளைக்கும் பெரியவருக்கும் உறவு வளரும் நேரம், அதை அவசரப்படுத்தக்கூடாது, என்ன செய்யப்போகிறோம் என்று பிள்ளையிடம் சொல்லிச் செய்யவேண்டும், அதே கைகள் நாளும் செய்யவேண்டும் என்றார். நம் வீடுகளில் குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் பெரியம்மா ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆறு பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு அந்தப் பேச்சுக்கு மூச்சு கிடைக்காது என்பதே சிக்கல்.

தாயைப் பிரிந்த பிள்ளை கெட்டுப்போகும் என்று சொல்வோர் பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் பௌல்பியைத் துணைக்கு அழைப்பார்கள். அவர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை முக்கியமாகப் போரிலும் விடுதிகளிலும் நீண்டகாலம் தாயை இழந்த பிள்ளைகளைப் பற்றியது. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையைப் பற்றியது அல்ல. பகல் பராமரிப்பு பற்றிய மிக விரிவான தொடராய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் 1991இல் தொடங்கிப் பத்து இடங்களில் 1,364 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. பராமரிப்பின் தரம் உயர்ந்த இடத்தில் மொழியும் அறிவும் சற்று மேம்பட்டன. நிலையத்தில் கழிந்த மணிநேரம் மிகக் கூடிய இடத்தில் நடத்தைச் சிக்கல்கள் சற்றுக் கூடின. எல்லாவற்றிலும் குடும்பத்தின் பங்கே பெரிதாக நின்றது. ஆகவே 'நல்லதா கெட்டதா' என்ற கேள்வியே பயனற்றது. எப்படிப்பட்ட பராமரிப்பு, எத்தனை மணிநேரம் என்றே கேட்கவேண்டும்.

'அம்மம்மா இருக்கும்போது நிலையம் எதற்கு?' என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்த அம்மம்மா எங்கே? போர் வடக்கிலிருந்து பெயர்த்த குடும்பங்களில் ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்தில், ஒரு தலைமுறை கொழும்பு அடுக்குமாடியில், இன்னொன்று ரொறன்ரோவில். பல அம்மம்மாக்கள் கடல் தாண்டிப் போய் அங்குள்ள பேரப்பிள்ளையைப் பார்க்கிறார்கள். மருதானையின் முஸ்லிம் குடும்பங்களில் உம்மம்மா கிட்ட இருந்தாலும் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் அவரும் உழைப்பவராகவே இருக்கலாம். இந்த வெற்றிடத்தை நெடுங்காலம் நிரப்பியவர்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமிகள். பிள்ளையைப் பிள்ளை பார்த்தது. 2021 ஜூலையில் கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு இறந்தபோது நாடு கொதித்தது. அந்த ஆண்டே வேலைக்கான மிகக் குறைந்த வயது 16 ஆகச் சட்டமாகியிருந்தது. கொழும்புக் குழந்தைப் பராமரிப்பின் வரலாற்றை எழுதுகிறவர் இந்தச் சிறுமிகளை விட்டுவிட்டு எழுதமுடியாது.

சட்டத்துக்கு வருவோம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் கடை, அலுவலகப் பணியாளர் சட்டமும் 2018இல் திருத்தப்பட்டு, மூன்றாம் பிள்ளை முதல் விடுமுறையைப் பாதியாக்கிய அநீதி நீங்கியது; உயிருடன் பிறக்கும் பிள்ளை எத்தனையாவதானாலும் 84 நாள். அதாவது பிள்ளை மூன்று, நான்கு மாதமாக இருக்கும்போதே தாய் வேலைக்குத் திரும்புகிறாள். அதே அரசின் சுகாதாரத் துறை ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்கிறது. நாடு அதை எவ்வளவு ஊக்கமாகப் பின்பற்றுகிறது என்பதற்கு 2016 குடித்தொகை, சுகாதார மதிப்பீடே சான்று: ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டும் குடித்தன. இந்தப் பெருமைக்கும் அந்த 84 நாளுக்கும் நடுவே கிடக்கும் வாரங்களைத் தாய்மார் தம் உடலால் ஈடுகட்டுகிறார்கள். கட்டளைச் சட்டம் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணி வேலைநேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தருகிறது. வேலைத்தலத்தில் குழந்தை காப்பகம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. நல்ல விதி. ஆனால் பிள்ளை தெகிவளையிலும் தாய் பஞ்சிகாவத்தையிலும் இருந்தால், காலி வீதி நெரிசலில் ஒரு மணிக்குள் போய்ப் பாலூட்டித் திரும்ப யாரால் முடியும்? கிட்டவுள்ள நிலையம் இல்லாமல் அந்த உரிமைக்குக் காலில்லை.

இந்த உரிமை நடைமுறையில் உயிரோடு இருந்த இடம் ஒன்று உண்டு. நகரத்துப் படித்தவர்கள் எட்டியும் பார்க்காத இடம் அது: தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. பிள்ளை மடுவம் என்றும் சொல்வார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய் கைக்குழந்தையை அங்கே விட்டுவிட்டு, இடையில் வந்து பால் கொடுத்துப் போவாள். பறிக்கும் வயது கடந்த ஆயா ஒருத்தி, இருண்ட அறை, சேலைத் தொட்டில்கள், ஏராளமான பிள்ளைகள்: அதன் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. தோட்டங்களின் முகாமை 1992இல் தனியார் கம்பனிகளிடம் போன வேளையில் அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த நம்பிக்கை நிதியம் உருவாகி, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பெயரில், இந்த அறைகளைப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் கொண்ட சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்ற உழைத்துவருகிறது. முதலாளி தொழிலாளியின் கையைக் கொழுந்துக்காக விடுவிக்கவே பிள்ளைக் காம்பராவைக் கட்டினான், அன்பினால் அல்ல. ஆனாலும் அதற்குள் இரண்டு சரியான கொள்கைகள் இருந்தன. தாயின் வேலைத்தலத்துக்கு நடந்து போகும் தூரம், செலவு தாயின் சம்பளப் பையிலிருந்து மட்டும் வராமை. கொழும்பில் இந்த இரண்டும் இல்லை. பெற்றோர் கட்டணம் ஒன்றையே நம்பி நடக்கும் நிலையத்தில், கட்டணத்தைக் கூட்டினால் தாய் வேலையை விடுவாள், குறைத்தால் பராமரிப்பாளர் வேலையை விடுவார். ஆறு மாதத்துக்கொரு முகம் மாறும் அறையில் பிள்ளை யாரை நம்பிப் பழகும்?

நிலையான பராமரிப்பின் தேவையை அரசு அறியாததல்ல. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, அவளுடைய பிள்ளைகளின் பராமரிப்பைச் சரிபார்க்கும் குடும்பப் பின்னணி அறிக்கை 2013இல் கட்டாயமானது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவள் போகமுடியாது என்றிருந்த தடை 2022இல் இரண்டு வயது என்று தளர்ந்தது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு நிலையான பராமரிப்பு இன்றியமையாதது என்று அரசு நம்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமா? விமான நிலையத்தில் தாயைத் தடுக்க அந்த நம்பிக்கை போதுமானால், மருதானையில் ஓர் அறையைத் திறக்கவும் அது போதுமாக இருக்கவேண்டும். ஒருத்தியின் உழைக்கும் உரிமையை மறித்துவிட்டு மாற்று எதையும் தராத சட்டம் பிள்ளைக்காக எழுதப்பட்டது என்று என்னால் ஏற்கமுடியவில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது மருதானை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பகல் முழுவதும் சிங்களம் மட்டும் பேசும் பராமரிப்பாளரிடம் இருக்கக்கூடும். இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குத் தீங்கில்லை. இந்த நாட்டில் அது பெரும் பேறு. ஆனால் பேசுபவர் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசவேண்டும். குழந்தைகளின் மொழி கற்றலை ஆராயும் பற்றீசியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சீன ஒலிகளை நேரில் விளையாடிய ஆளிடமிருந்து கற்றன. அதையே திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. தொலைக்காட்சியை ஓடவிட்டுத் 'தமிழும் கேட்கிறது' என்று ஆறுதல் அடையும் நிலையத்துக்கு இதுவே மறுமொழி. பிள்ளை 'தண்ணி' என்று கேட்டால் விளங்கிக்கொள்ளும் ஒருவராவது அறையில் இருக்கவேண்டும்.

இந்தியா 2017இல் மகப்பேற்று விடுமுறையை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்கவேண்டும் என்றது. இங்கே அதை அப்படியே கொண்டுவந்தால் பஞ்சிகாவத்தைக்குப் பயனில்லை. நாலைந்து பேர் வேலை செய்யும் கடைகளே அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. ஆகவே நிறுவனவாரியாக அல்ல, வட்டாரவாரியாகவே நிலையம் அமையவேண்டும். வைத்தியசாலையும் புகையிரதத் திணைக்களமும் கடைக்காரர்களும் பங்கு போட, மாநகர சபை இடம் தர, பராமரிப்பாளரின் சம்பளம் பொதுப்பணத்தில் உறுதியாகவேண்டும். முன்பள்ளி மாகாண சபையின் விடயம், சிறுவர் பாதுகாப்பு 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய அதிகார சபையின் விடயம், தாய் சேய் நலம் மாநகர சுகாதாரப் பகுதியின் விடயம் என்று பொறுப்பு பிரிந்து கிடப்பதைக் காரணம் காட்டி எவரும் ஒதுங்கவேண்டாம். வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் தம் வட்டாரத்தின் குழந்தைகளைப் பெயர் சொல்லி அறிவார். பணியை அவருடைய பதிவேட்டிலிருந்தே தொடங்கலாம். சட்டம் எழுதுவோரிடம் கேட்பது இது: இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைக்கு ஒருவர் என்ற எண்ணைப் பரிந்துரையாக அல்ல, மீறினால் உரிமம் போகும் விதியாக முதல் வரியில் எழுதுங்கள்.