செசரியா நூலகத்தின் மிச்சங்கள்

எபிரேய வேதத்தையும் அதன் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளாக நிரைப்படுத்தி ஓரிகேன் 3ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஹெக்சாப்லா, செசரியாவில் பம்பிலுஸ் பேணிய நூலகத்தில் இருந்தது. ஜெரோம் அதை அங்கே ஒப்புநோக்கியதாகக் கூறுகிறார். சிதைந்துவந்த அந்நூலகத்தின் ஏடுகளை அகாசியு, யூசோயு என்னும் பேராயர்கள் 4ஆம் நூற்றாண்டில் தோற்சுவடிகளில் படியெடுப்பித்தனர் என்பதும் அவர் தரும் செய்தியே. எனினும் நூலகம் பின்னர் அழிந்தது.

வெளியே மிகுதியாகப் படியெடுக்கப்பட்டதோ செப்துவஜிந்து அடங்கிய ஐந்தாம் பத்தி மட்டுமே. கிரேக்கத்தில் இல்லாது எபிரேயத்தை ஒட்டிச் சேர்த்த சொற்களுக்கு ஓரிகேன் அதில் உடுக்குறி இட்டிருந்தார். படியெடுத்தோர் பலர் குறிகளை விட்டுவிட்டனர். சேர்த்ததும் மூலமும் கலந்துபோயின. படி கிடைத்தும் ஓரிகேனின் உழைப்பு அங்கே மறைந்தது. நல்லவேளையாக, தெல்லா நகரப் பேராயர் பவுல் 616-617இல் அப்பத்தியைக் குறிகளோடு சீரியத்தில் பெயர்த்தார். ஆக்கில்லா முதலிய பிற மொழிபெயர்ப்பாளரின் சொற்களும் அதன் ஓரங்களில் நிலைத்தன. பீல்ட் ஆக்ஸ்போர்டில் 1875இல் நிறைவுசெய்த தொகுப்பு இதைப் பெரிதும் சார்ந்தது. சீரியம் மட்டும் கிடைத்த இடங்களில் அவர் அதைக் கிரேக்கத்திற்கு மீளப் பெயர்த்தார். அவ்விடங்களை ஆக்கில்லாவின் சொல்லென நம் மாணவர் மேற்கோள் காட்டுவது தகாது. அது பீல்டின் ஊகம், சிறந்த ஊகமேயாயினும்.

1896இல் மெர்காத்தி, மிலான் அம்ப்ரோசிய நூலகத்தில், பழைய எழுத்தை அழித்து மேலெழுதிய ஒரு சுவடியின் அடியில் சங்கீதங்களின் ஏறத்தாழ 150 வசனங்களைப் பத்திகளோடு கண்டார். எபிரேய எழுத்தாலான முதற்பத்தி அதிலும் இல்லை.