இசைக்கு ஓர் உருவம்

ஊரை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலருடைய வீட்டுச் சுவர்களில் யாரேனும் ஒரு சங்கீத வித்வானின் படம் தொங்கக் காண்கிறோம். பாட்டு செவிக்கு உரியது; பாடியவரின் உருவத்தை நாம் இவ்வளவு அக்கறையுடன் பேணுவது ஏன்? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஹெர்மன் லியனார்டின் வரலாறு இதற்கு நல்லதொரு விடை தருகிறது.

1923-இல் பிறந்த லியனார்ட், கனடாவில் யூசுப் கார்ஷ் என்ற உருவப்பட மேதையிடம் பயின்றபின், 1948-இல் நியூயார்க் நகரில் தமது ஸ்டூடியோவை அமைத்தார். ஜாஸ் இசை முழங்கிய இரவு விடுதிகளில் நுழைவுக் கட்டணத்திற்கு ஈடாகத் தாம் எடுத்த படங்களையே கொடுத்துவந்தார். அவ்வாண்டில் ராயல் ரூஸ்ட் விடுதியில், டெக்ஸ்டர் கார்டன் என்ற வித்வான் சாக்ஸபோனை மடியில் வைத்து அமர்ந்திருக்க, அவரது சிகரெட்டின் புகை மேலே சுருண்டெழுந்த கணத்தைப் பதிவு செய்தார். படத்தில் ஒலியில்லை, ஆயினும் அந்தப் புகையின் போக்கில் ஓர் ஆலாபனையைக் காண்கிறோம்.

இத்தகைய படத்தின் மதிப்பு நெகடிவில் மட்டும் அடங்கியதன்று. இளமையில் பியானோ பயின்ற புகைப்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ், நெகடிவை இசைக்குறிப்புக்கும், அதிலிருந்து எடுக்கும் பிரதியைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். இருட்டறையில் ஒளியை ஓரிடத்தில் கூட்டியும் ஓரிடத்தில் குறைத்தும் கலைஞர் கைப்பட எடுக்கும் பிரதி ஒவ்வொன்றும் தனியொரு கச்சேரியே. ஆகவேதான் பிரதிகளுக்கு ஒரு வரம்பு வகுத்து, எண்ணும் கையொப்பமும் இடுகின்றனர். சேகரிப்போரும் அவற்றைத் தேடிப் பெறுகின்றனர்.

லியனார்டின் ஜாஸ் படங்கள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1988-இல் லண்டனில் நடந்த கண்காட்சிக்குப் பின்னரே அவை பரவலாகப் புகழ்பெற்றன. பிறகு அவர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் குடியேறினார். 2005 ஆகஸ்டில் காத்ரீனா சூறாவளியின்போது கரைகள் உடைந்து வெள்ளம் புகுந்ததில், அவர் இல்லத்திலிருந்த சுமார் 8,000 பிரதிகள் அழிந்தன. கலைக்கூடம் ஒன்றின் பாதுகாப்பறையில் வைத்திருந்த நெகடிவ்கள் தப்பின. எண்பது வயதைக் கடந்திருந்த அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்து, பணியை மீண்டும் தொடங்கினார். 2010-இல் காலமானார்.

குறிப்பு பிழைத்தது, கச்சேரிகள் அழிந்தன. நெகடிவிலிருந்து புதிய பிரதிகள் எடுக்கலாம். அவர் கைபட்ட பழைய பிரதிகளோ மீளமாட்டா. வீடு மாற்றி வீடு மாற்றி வாழும் நாம், நம் சுவரிலுள்ள படத்தின் பின்புறத்தில் வித்வானின் பெயருடன், தெரிந்தமட்டில் ஆண்டையும் எடுத்தவர் பெயரையும் பென்சிலால் குறித்து வைப்போமாக. இசைத்தவரை நாம் மறப்பதில்லை. அவருக்கு உருவம் தந்தவரையும் மறவாதிருத்தல் நம் கடமையன்றோ?