றலி முதல் மௌண்டன் பைக் வரை: ஸ்டெம் தெரிவின் வரலாறும் கொழும்பு ஓட்டுநரும்

துவிச்சக்கரவண்டியின் முன் போர்க்கையும் ஹாண்டில் பாரையும் இணைக்கும் குறுந்துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். காடும் மேடும் கடந்து ஓடும் குறுக்குநாட்டு மௌண்டன் பைக் வைத்திருப்பவர்கள் இந்தத் துண்டின் நீளத்தைப் பற்றி ஓயாமல் வாதாடுகிறார்கள். 60 மில்லிமீற்றர் போதும் என்பார் ஒருவர். 100க்குக் குறைந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும் என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் வெவ்வேறு காலத்துச் சைக்கிள்களுக்கு. ஸ்டெமுக்கென்று தனியே ஒரு சரியான அளவு எக்காலத்திலும் இருந்ததில்லை. பிரேம் எவ்வளவு இடைவெளியை மிச்சம் வைத்ததோ அதை நிரப்பும் வேலையைத்தான் அது செய்து வந்திருக்கிறது. இக்கட்டுரை அந்த வேலை மாறிவந்த கதையைப் பின்தொடர்கிறது.

1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்ட ‘ரோவர்’ சைக்கிளோடு இன்றைய வடிவம் நிலைபெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் நொட்டிங்ஹாமில் பிராங்க் பௌடன் வளர்த்தெடுத்த றலி நிறுவனமும், ஹம்பர், பீ.எஸ்.ஏ. போன்றவையும் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் வீதிகளை நிரப்பின. இலங்கைத் தமிழரிடம் றலி என்பது ஒரு காலத்தில் நல்ல சைக்கிள் என்பதற்கே மறுபெயராக இருந்தது. அந்த உயர்ந்த கறுப்புச் சைக்கிளில் ஸ்டெமும் ஹாண்டிலும் ஒரே உருவாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. பிரேக் கம்பிகளின் மூட்டுகளும் அந்த ஹாண்டிலிலேயே பொருந்தியிருந்தன. எனவே ஸ்டெமை மாற்றுவதென்றால் பிரேக்கையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஓட்டுநருக்கு விடப்பட்டது உயரம் மட்டுமே: மேலேயுள்ள நீண்ட போல்ட்டைத் தளர்த்தி, அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இறுகியிருக்கும் கூம்பு விடுபடும், பிறகு ஹாண்டிலை ஏற்றலாம், இறக்கலாம். போர்க்கின் கழுத்துக் குழாய்க்கு வெளிவிட்டம் 25.4 மில்லிமீற்றர், அதற்குள் இறங்கும் தண்டு 22.2 மில்லிமீற்றர். இதிலும் றலி தனிவழி போனது. மற்றவர்கள் கழுத்துக் குழாயில் அங்குலத்துக்கு 24 புரி வெட்ட, றலி 26 வெட்டியது. ஆகவே றலிக்குப் பொதுவான கழுத்து நட்டுகள் பொருந்தவில்லை.

தெரிவு என்பது பந்தயக்காரருக்கு மட்டும் கிடைத்த சலுகையாகவே நெடுங்காலம் இருந்தது. 1899இல் உலக வேக ஓட்டச் சம்பியனான கறுப்பின அமெரிக்கர் மேஜர் டெய்லரின் பெயரால், முன்னே நீண்டு ஹாண்டிலை நகர்த்தி இறுக்கக்கூடிய ஒரு ஸ்டெம் அறியப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் சினோ சினெல்லியின் நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. வீதிப் பந்தய ஸ்டெம்கள் பல நீளங்களில் விற்பனைக்கு வந்தன. கொழும்பில் வேலைக்குப் போகிறவருக்கு இதனால் ஆனது ஒன்றுமில்லை. அவருக்கு வாய்த்தது றலியின் வம்சந்தான்: இந்தியாவின் அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸும், 1956இல் லூதியானாவில் எழுந்த ஹீரோவும் அதே பிரித்தானிய அச்சில் வார்த்தவை. இலங்கையிலோ 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்ட காலம். 1977இன் திறந்த பொருளாதாரம் வந்த பின்னரே புதுவகைப் பாகங்களுக்கு வழி பிறந்தது.

அதே ஆண்டில் கலிபோர்னியாவில் ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கென்றே ஒரு பிரேம் கட்டினார். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே தமல்பாயிஸ் மலையடிவாரத்தில் ‘ரீபாக்’ என்னும் இறக்கப் பந்தயம் நடந்துவந்தது. 1979இல் டொம் ரிச்சியின் பிரேம்களை காரி பிஷரும் சார்ளி கெல்லியும் விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தொடக்கக்கால வண்டிகள் பலவற்றில் இருந்தது, ஸ்டெமின் இரு கைகளும் பாரும் முக்கோணமாகப் பற்றவைக்கப்பட்ட ஒற்றைத் துண்டு. உறுதிக்காகச் செய்த ஏற்பாடு அது. றலிக்காரருக்குத் தெரிவு இல்லாததுபோலவே முதல் மௌண்டன் பைக்காரருக்கும் இருக்கவில்லை என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நீள ஸ்டெமின் ஆட்சி அடுத்த பத்தாண்டில் வந்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதலாவது உத்தியோகபூர்வ உலகப் போட்டி நடந்தபோது குறுக்குநாட்டுச் சைக்கிள்களின் கழுத்துக் கோணம் (தரையோடு கழுத்துக் குழாய் அமைக்கும் கோணம்) ஏறத்தாழ 71 பாகை, பிரேம் குட்டை, பாரின் அகலம் 560, 580 மில்லிமீற்றர். உடலை நீட்டிக் குனிந்து ஓட்ட வேண்டுமானால் மிச்சத் தூரத்தை ஸ்டெமே கொடுத்தாக வேண்டும். எனவே 120, 130, சிலருக்கு 150 மில்லிமீற்றர்கூட வழக்கமாயிற்று. வீதிப் பந்தயத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்த நீட்டம் பழகியதுதான். ஏற்றத்தில் உடற்பாரம் முன்சக்கரத்தை அழுத்த, பாதை தவறாமல் ஏறினார்கள். இறக்கத்தில் அதே பாரம் அவர்களைத் தலைகீழாகக் கவிழ்க்கப் பார்த்தது. 1996 அட்லாண்டாவில் இந்த ஓட்டம் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தபோதும் நீள ஸ்டெமே வழக்கமாக இருந்தது.

இதற்கிடையில், அதிகம் பேசப்படாத ஒரு புதுமை எல்லாவற்றையும் மாற்றியது. ஜோன் ரேடர் என்ற அமெரிக்கர் புரியில்லாத கழுத்துக்கான காப்புரிமையை 1992இல் பெற்றார். டயா-கொம்பே நிறுவனம் அதை ‘அஹெட்செட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கே ஸ்டெம் குழாய்க்குள் இறங்குவதில்லை. வெளியிலிருந்து அதைக் கட்டிப்பிடிக்கிறது. குழாயின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீற்றர் என்பது பொது அளவாயிற்று. உற்பத்தியாளருக்கு ஒரே நீளத்தில் போர்க் செய்து, வேண்டிய இடத்தில் அறுத்துக்கொள்ளும் வசதி. ஓட்டுநருக்கோ இன்னும் பெரிய வசதி. பாரைப் பிடிக்கும் முன்மூடி தனியே கழலும் ஸ்டெமும் சேர்ந்துகொள்ள, கைப்பிடி ரப்பரையோ பிரேக்கையோ தொடாமல் ஓர் அலன் சாவியால் ஸ்டெமை மாற்ற முடிந்தது. ஸ்டெம் ‘தெரிவு’க்குரிய பொருளானது இந்த இடத்தில்தான், நீளம் பற்றிய வாதம் எல்லாம் அதன் பின்விளைவு.

இந்தப் புதுவகை ஸ்டெமைப் பூட்டும் முறையில் பலர் இன்றும் தடுமாறுகிறார்கள். உச்சியிலுள்ள மூடியின் போல்ட் ஸ்டெமைப் பிடித்து வைப்பதற்கல்ல; பெயாரிங்கின் ஆட்டத்தை நீக்குவதற்கு மட்டுமே. பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, பாரைச் சக்கரத்துக்கு நேராக்கி, பிறகே பக்கப் போல்ட்டுகளை இறுக்கவேண்டும். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 அல்லது 6 நியூட்டன் மீற்றர் என்று பொறித்திருக்கும். அதைத் தாண்டி ‘நல்லா இறுக்கு’வது கார்பன் குழாயை நொறுக்கும்.

வெள்ளவத்தைக்காரர்களுக்கு ரேடரின் முறை இன்னொரு நன்மையும் செய்தது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் படும் இடத்தில், உருக்குக் குழாய்க்குள் இறங்கிய அலுமினியத் தண்டு மின்வேதி அரிப்பால் இறுகி ஒட்டிக்கொள்ளும். மெரைன் டிரைவ் பக்கம் ஆண்டுக்கணக்கில் கிறீஸ் காணாமல் நிற்கும் பழைய சைக்கிளில் ஹாண்டிலை உயர்த்த முயன்றவர்களுக்கு இது புரியும். புதிய முறையில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. துருப்பிடிக்கும் போல்ட்டுகளை மட்டும் கவனித்தால் போதும்.

ஸ்டெம் மாற்ற எளிதான பின் பிரேமும் மாறியது. 1990களின் பிற்பகுதியில் காரி பிஷர் ‘ஜெனசிஸ்’ என்ற பெயரில் மேற்குழாயை நீட்டி ஸ்டெமைக் குறைத்தார். பிறகு 29 அங்குலச் சக்கரம் வந்தது. பாரின் அகலம் 740 மில்லிமீற்றரையும் தாண்டியது. கழுத்துக் கோணம் 67, 68 பாகைக்குச் சாய்ந்தது. (பழைய றலியின் கழுத்தும் 70 பாகைக்கும் குறைவாகச் சாய்ந்ததே. குண்டும் குழியுமான வீதியில் நேராக ஓட அதுதான் உதவியது.) அகன்ற பார் தோள்களை முன்னே இழுக்கிறது, நீண்ட பிரேம் மிச்சத்தைக் கொடுக்கிறது. ஆகவே இன்றைய குறுக்குநாட்டு வண்டிக்கு 60 முதல் 80 மில்லிமீற்றர் போதுமாகிவிட்டது. பெரிய சக்கரமும் அதிர்வுதாங்கும் போர்க்கும் முன்பக்கத்தை உயர்த்திவிட்டதால், ரியோ ஒலிம்பிக் வெற்றியாளர் நீனோ ஷூர்ட்டரைப் போன்றவர்கள் கீழ்நோக்கி அதிகம் சாய்ந்த ஸ்டெம்களைப் பூட்டினார்கள். அதைப் பார்த்து நாமும் வாங்குவது வீண். அவருடைய இடுப்பும் முதுகும் நமக்கு இல்லை.

கோணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். 68 பாகைக் கழுத்தில் செங்கோணமாக நிற்கும் ஸ்டெம் தரைமட்டத்துக்கு 22 பாகை மேல்நோக்கும். 80 மில்லிமீற்றர் நீளமும் 6 பாகைச் சாய்வும் உள்ள சாதாரண ஸ்டெமைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினால், கை ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் உயரும் அல்லது தாழும். முன்பின்னாக 6 மில்லிமீற்றர் நகரும். ஸ்டெமுக்குக் கீழே கழுத்துக் குழாயில் கோத்திருக்கும் 10 மில்லிமீற்றர் இடைவளையமொன்றை ஸ்டெமுக்கு மேலே மாற்றிவைத்தால் 9 மில்லிமீற்றர் தாழ்ந்து, 4 மில்லிமீற்றர் முன்னே போகும். இவ்விரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கொழும்பில் தெரிவைச் சிக்கலாக்குவது நீளமல்ல, பொருத்தம். கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத டாம் வீதியின் சைக்கிள் கடைகளிலே மூன்று காலத்துப் பாகங்கள் அருகருகே இருக்கின்றன. உள்ளூரில் பொருத்தப்படும் சைக்கிள்களுக்கும் சீனா, தைவான் பாகங்கள் தேவைப்பட்டன. 2022இல் எரிபொருள் வரிசையில் களைத்தவர்கள் சைக்கிளுக்கு மாறியபோது, டொலர் தட்டுப்பாட்டால் உதிரிப்பாகங்களின் விலை எகிறியது. கிடைத்ததை வாங்கியவர்கள் பலர். மௌண்டன் பைக் தோற்றம் கொண்ட மலிவு வண்டிகளில் இன்னும் 22.2 மில்லிமீற்றர் தண்டே இறங்குகிறது. நல்ல வண்டிகளில் 28.6. பார் பிடிக்கும் வாய் பழையதில் 25.4, இப்போதைய பொதுவானதில் 31.8, சிலவற்றில் 35.

ஆகவே கடைக்குப் போகுமுன் கழுத்துக் குழாயின் விட்டத்தையும் பாரின் நடு விட்டத்தையும் அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலைநாளில் காலி வீதியிலும் விடுமுறையில் ஹந்தானையின் தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் ஒரே வண்டியை ஓட்டுபவர், பிரேம் 1990களின் குட்டை வகையென்றால் 90க்குக் கீழே போகவேண்டாம். கடந்த பத்தாண்டுக்குள் செய்ததென்றால் 60 அல்லது 70 எடுங்கள். முதலில் வளையத்தை மாற்றியும் ஸ்டெமைத் திருப்பியும் ஓட்டிப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் 10 மில்லிமீற்றர் மட்டும் கூட்டியோ குறைத்தோ வாங்குங்கள்.