மீன் உடல்வடிவ அளவியல்

ஒரே நன்னீர் மீனினத்தின் வெவ்வேறு குடித்தொகைகளை உடலமைப்பைக் கொண்டு பிரித்தறியும் முறை. மீனை இடப்பக்கம் தெரியக் கிடத்திப் படமெடுத்து, மூக்கு நுனி, கண், முதுகுச் செட்டையின் தொடக்கம், வாற்செட்டையின் அடி முதலிய இடங்களில் அடையாளப் புள்ளிகள் இடப்படும். புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களை அளப்பது பழைய வழி. இன்றைய வடிவகணித முறை பருமன், இருப்பிடம், சாய்வு ஆகியவற்றின் தாக்கத்தை நீக்கிவிட்டு வடிவத்தை மட்டும் ஒப்பிடுகிறது.

பல இனங்களில் ஓடுநீர் மீன்கள் மெலிந்தும் தேங்குநீர் மீன்கள் உடல் உயர்ந்தும் காணப்படும். இலங்கையின் தெல்தெனியவில் இவ்விருவகை வாழிடங்களும் அருகருகே உள்ளன. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்தது. நக்கிள்ஸ் மலையில் பிறக்கும் ஹுலு கங்கை அதில் வந்து கலக்கிறது.

இத்தகைய அளவுகள் தனி இனங்களைப் பிரித்தறியவும் உதவும். நக்கிள்ஸ் ஓடைகளில் வாழும் லௌபூக்கா இன்சுலாரிஸ் என்ற மீன் 2008இல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. உடல் அளவுகளும் செதில் எண்ணிக்கையும் அதற்குச் சான்றாயின.

வடிவம் மட்டும் முடிவான சான்றன்று. இரை, பால், சினைப்பருவம், ஃபோர்மலினில் ஏற்படும் சுருக்கம் ஆகியவையும் அதை மாற்றும். எனவே வேறுபாடு பரம்பரையானதா எனத் துணிய மரபணு ஆய்வும், குஞ்சுகளை ஒரே சூழலில் வளர்த்து ஒப்பிடுவதும் தேவை.