இடித்துரைத்த அன்பும் பொறுத்த உள்ளமும்

குடமுழுக்குக்கு முன்னர்த் திருப்பணி தொடங்குங்கால், ஸ்தபதியார் கோயிலை வலம் வந்து முதற்கண் குறைகளையே தேடுகின்றார். விமானத்தில் வெடிப்பு எங்கே, தளத்தில் நீர்க்கசிவு எங்கே, பீடத்தைப் பிணித்த அஷ்டபந்தன மருந்து எவ்விடத்தில் தேய்ந்துள்ளது என்று ஒவ்வொன்றாகச் சுட்டுகின்றார். அவரைக் கோயிலுக்குப் பகைவர் என்று எவரும் கூறார். குறையைக் கண்டு சொன்னவராலேயே கோயில் புதுப்பொலிவு பெறுகின்றது.

மனித உள்ளமாகிய கோயிலுக்கும் இது பொருந்தும். நட்பென்பது கூடிச் சிரித்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று என்பதும், நெறி தவறுங்கால் முன்சென்று இடித்துரைப்பதே அதன் கடமை என்பதும் வள்ளுவப் பெருந்தகையார் கண்ட முடிபு. ஆயினும் சொல்வதும் அரிது. சொல்லக் கேட்பது அதனினும் அரிது. சொல்லாலோ செயலாலோ புண்பட்டபின் பொறுப்பது எல்லாவற்றினும் அரிது. இம்மூன்று அருமைகளையும் தம் வாழ்வில் எளிமையாக்கிக் காட்டிய அடியார் சிலர், பொன்மலைக்கு வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே விளங்கும் திருவரங்கத்தில் வாழ்ந்திருக்கின்றனர். அவர்களுள் தலையாயவர் கூரத்தாழ்வான்.

ஆழ்வானுடைய வரலாற்றை நமக்கு உரைப்பவை ஆறாயிரப்படி குருபரம்பரை முதலிய வைணவ நூல்களும், ஈடு முதலிய உரைகளிற் காணும் ஐதிகங்களுமாகும். இவை கல்வெட்டுப்போல் ஆண்டும் நாளும் குறித்து வைத்தவை அல்ல. அடியவர் வழிவழியாகப் போற்றிக் காத்த நினைவுகள். ஒரு சமுதாயம் எவற்றை மறக்கலாகாது என்று கருதியது என்பதை இவற்றால் நன்கு அறியலாம்.

காஞ்சிக்கு அணித்தாகிய கூரம் என்னும் ஊரிற் பெருஞ்செல்வராய்ப் பிறந்தவர் ஆழ்வான். அச்செல்வத்தை முற்றத் துறந்து, மனைவியார் ஆண்டாளுடன் திருவரங்கம் வந்து, இராமாநுசரின் திருவடிகளை அடைந்தார். பிச்சை ஏற்று உண்டு வாழ்ந்தார். பிரம்ம சூத்திரத்துக்குப் போதாயனர் இயற்றிய பழைய விருத்தியுரையைக் காண்பதற்காக இராமாநுசர் காஷ்மீரம் சென்றபோது உடன் சென்றவரும் அவரே. ஏடு கைவிட்டுப் போன நிலையில், தாம் படித்த அளவிலேயே அதனை நெஞ்சிற் பதித்துக்கொண்டு ஆசிரியருக்கு உதவினார் என்பர். எனவே, ஸ்ரீபாஷ்யத்தை இராமாநுசர் திருவாய் மலர்ந்தருள, அதனை ஏட்டில் எழுதும் பேறு அவருக்கே வாய்த்தது.

எழுதத் தொடங்குமுன் இராமாநுசர் ஒரு கட்டளை இட்டார். தாம் சொல்லும் பொருள் பொருந்தாது என்று ஆழ்வானுக்குத் தோன்றுமாயின், வாதிட வேண்டுவதில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டாற் போதும் என்பதே அது. நாடெங்கும் போற்றும் பேராசிரியர் ஒருவர், தம் பிழையைச் சுட்டும் உரிமையைத் தம் மாணவருக்குத் தாமே வழங்கினார்.

ஒருநாள் உயிரின் இலக்கணத்தை உரைக்க நேர்ந்தது. அறியும் தன்மை உடைமையே உயிரின் இயல்பு என்னும் அளவில் இராமாநுசர் மொழிந்தார். ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. உயிர் அறிவுடையது என்பது மெய்யே. ஆயினும் அது தனக்குரியதன்று, இறைவனுக்கே உரியது என்னும் சேஷத்துவத்தைச் சொல்லாமல் அதன் இலக்கணம் நிறைவுறாது என்பது அவர் கருத்து. இராமாநுசருக்குச் சினம் மூண்டது. அங்ஙனமாயின் நீரே உரை எழுதிக்கொள்ளும் என்று கடிந்து, காலால் உதைத்துத் தள்ளி எழுந்து சென்றார் என்று வரலாறு மறையாமல் கூறுகின்றது. தம் ஆசாரியருடைய சினத்தையும் மறைக்காது எழுதிவைத்த அந்நூலாசிரியர்களின் நேர்மை போற்றத்தக்கது.

அருகிருந்தோர், இனி என் செய்வீர் என்று ஆழ்வானை வினவினர். தாம் அவருடைய உடைமை என்றும், உடைமையை எடுப்பதும் எறிவதும் உடையவர் விருப்பம் என்றும் அவர் அமைதியாக விடை கூறினார். மனம் கசந்து திருவரங்கத்தை விட்டுப் போகவும் இல்லை. ஆசிரியரின் சினத்துக்கு அஞ்சித் தம் கருத்தை மாற்றி எழுதவும் இல்லை. பின்னர் இராமாநுசர் தனித்திருந்து சிந்தித்து, ஆழ்வான் நிறுத்தியதே தக்கது என்று தெளிந்தார். அவரை அழைத்துத் தம் செயலுக்கு வருந்தி, பணியை மீளத் தொடங்கினார். ஸ்ரீபாஷ்யம் நிறைவெய்தியது.

இந்நிகழ்ச்சியில், எந்தப் பொருளுக்காக எழுத்தாணி நின்றதோ அந்தப் பொருளே உதைபட்டவரின் விடையிலும் வெளிப்பட்டது. உயிர் பிறருக்குரிய உடைமை என்பதை ஏட்டில் எழுத வேண்டும் என்று வற்புறுத்தியவர், அடுத்த கணமே அதனைத் தம் உடம்பால் மெய்ப்பித்தார். அவருக்குச் சித்தாந்தம் வேறு, வாழ்வு வேறு அன்று.

அந்த உண்மைக்கு இதனினும் கொடிய சோதனை பின்னர் வந்தது. சோழ மன்னன் ஒருவன், சிவனுக்கு மேற்பட்ட பரம்பொருள் இல்லை என்று ஒப்பமிடுமாறு வைணவப் பெரியோரை வற்புறுத்தினான் என்பது வரலாறு. அவன் எந்தச் சோழன் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. திருவரங்கக் கோயிலுக்குச் சோழர் அளித்த கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் பலவாதலின், ஒரு மன்னனின் செயலைக் குலத்தின் மீதோ சமயத்தின் மீதோ ஏற்றிப் பூசல் வளர்ப்பது தகாது.

மன்னனுக்கு அமைச்சனாயிருந்த நாலூரான், ஆழ்வானிடமே பாடம் கேட்ட மாணவன் என்பர். எல்லோரும் ஒப்பமிட்டும் பயனில்லை, இராமாநுசரும் ஆழ்வானும் இட்டாலன்றி அது நிலைபெறாது என்று மன்னனைத் தூண்டியவன் அவனே. இராமாநுசரை வெள்ளாடை உடுப்பித்து மேல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, அவருடைய காவியுடையைத் தாம் தரித்துக்கொண்டு ஆழ்வான் அரசவைக்குச் சென்றார். முதியவராகிய பெரிய நம்பியும் உடன் சென்றார். ஆழ்வான் ஒப்பமிட மறுத்தார். இருவரும் கண்களை இழந்தனர். பெரிய நம்பி வழியிலேயே, பசுபதிகோயில் என்னும் ஊரில், உயிர் நீத்தார். ஆழ்வான் ஒருவரே திருவரங்கம் மீண்டார்.

அங்கும் ஒரு சோதனை காத்திருந்தது. இராமாநுசரைச் சார்ந்தோரை உள்ளே விடலாகாது என்னும் ஆணை வாயிலில் இருந்தது. ஆயினும் ஆழ்வான் எவரிடத்தும் பகையில்லாத நல்லவர், அவர் போகலாம் என்று காவலர் ஒருவர் வழிவிட்டார். நல்லவர் என்னும் அப்புகழ் தம்மை ஆசாரியரின் தொடர்பிலிருந்து பிரிக்குமாயின் அது தமக்கு வேண்டா என்று கூறி, அரங்கனைச் சேவியாமலே அவர் திரும்பினார். பழியைப் பொறுத்தவர், பொருந்தாத புகழைப் பொறுக்கவில்லை. குடும்பத்துடன் மதுரைக்கு அருகேயுள்ள திருமாலிருஞ்சோலையை அடைந்து அங்கு வாழ்ந்தார். அழகரைப் போற்றும் சுந்தரபாகு ஸ்தவம் அவ்விடத்தில் எழுந்தது.

ஆண்டுகள் பல கழிந்து, மன்னன் மறைந்தபின் இராமாநுசர் திருநாராயணபுரத்திலிருந்து திருவரங்கம் மீண்டார். கண்ணிழந்த ஆழ்வானைக் கண்டு உள்ளம் உருகி, காஞ்சிப் பேரருளாளனிடம் கண்களை வேண்டிப் பெறுமாறு பணித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தைப் பாடினார். வேண்டியது யாது என்று பெருமான் வினவ, தாம் பெறும் பேற்றினை நாலூரானும் பெறவேண்டும் என்று வேண்டினார். தம் கண்ணொளி போகக் காரணனாயிருந்தவனுக்காக, அவன் கேளாமலே, அவன் அறியாமலே, இறைவனிடம் கையேந்தினார்.

இதனை இயல்பாகவே இளகிய நெஞ்சம் உடைய ஒருவரின் செயல் என்று சொல்லி அமைதல் போதாது. நாலூரான் வேண்டிய ஒப்பத்தை ஆழ்வான் இடவில்லை என்பதை மறத்தலாகாது. பொய்யென்று தாம் கொண்டதைப் பொய்யென்றே கூறினார். அதற்குரிய விலையையும் கொடுத்தார். ஆசிரியரின் முன் எழுத்தாணியை நிறுத்திய உறுதியும், அரசன்முன் ஒப்பமிட மறுத்த உறுதியும் ஒன்றே. எனவே பொறுத்தல் என்பது தீமைக்கு உடன்படுதல் ஆகாது. செயலை மறுத்துக்கொண்டே செய்தவனை இறைவனிடம் ஒப்படைக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அது எங்ஙனம் கைகூடியது? விடை, அவர் எழுத மறுத்த அந்த வரியிலேயே இருக்கின்றது. நான் எனக்குரியவன் என்று எண்ணுவோனுக்கு ஒவ்வோர் அவமதிப்பும் தன் சொத்தின்மீது நேர்ந்த கொள்ளையாகும். அவன் கணக்குவைத்துப் பழிவாங்குவான். நான் இறைவனுக்குரியவன் என்று தெளிந்தோனுக்கோ அக்கணக்கு இறைவனுடையதாகிவிடுகின்றது. மேலும், தீங்கு செய்தவனும் அதே இறைவனின் உடைமையே. ஒரே வீட்டுப் பொருள்களுள் ஒன்று சிதைந்தால் மற்றொன்று மகிழ்வதெங்ஙனம்? ஆகவே உண்மையை அஞ்சாது சொல்லும் துணிவும், தீமையை மறந்து மன்னிக்கும் அருளும் ஒரே வேரில் எழுந்த இரு கிளைகள் ஆயின.

இவ்வேர் ஆழ்வானோடு முடிந்துபோகவில்லை. அவருடைய திருக்குமாரர் பராசர பட்டர் திருவரங்கத்திற் பெரும்புகழோடு விளங்கியவர். ஒருவர் பொறாமையால் அவரைப் பலபடியாக ஏசினார். பட்டர் சினவாது, தாம் அணிந்திருந்த ஆபரணத்தையும் சால்வையையும் அவருக்கே பரிசாக அளித்தார் என்பர். பெருமான் திருமுன்பு தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய குற்றங்களைத் தமக்காக மற்றொருவர் எடுத்துரைத்தது உதவியன்றோ என்பது அவர் எண்ணம்.

அதற்குப் பின்னர் நம்பிள்ளையின் காலம் வந்தது. அவர் திருவாய்மொழிக்குப் பொருளுரைக்கக் கேட்போர் திரண்டனர். முதலியாண்டானின் மரபில் வந்த கந்தாடைத் தோழப்பர் என்பவர் அதனைப் பொறாது, அரங்கன் சந்நிதியிலேயே பலர் கேட்க அவரைக் கடுஞ்சொற்களால் வைதார். நம்பிள்ளை தலைகுனிந்து இல்லம் சென்றார். செய்தி தோழப்பரின் மனைவியார் செவிக்கு எட்டியது. அவ்வம்மையார் கணவர் செய்தது பெரும்பிழை என்று வெளிப்படையாகவே எடுத்துக் கூறினார். சீற்றத்தை எதிர்பார்த்தும் உண்மையை மறைக்கவில்லை. தோழப்பரின் உள்ளம் உடைந்தது. மன்னிப்பு வேண்டுவதற்காகப் புறப்பட்டுக் கதவைத் திறந்தவர், வாயிலிலேயே நம்பிள்ளை இரவெல்லாம் கிடந்ததைக் கண்டார். பெரியவர் ஒருவருடைய மனம் நோகும்படி நடந்த குற்றத்தைப் பொறுத்தருள வேண்டும் என்று, வையப்பட்டவரே வேண்டி நின்றார். தோழப்பர் அவரைத் தழுவிக்கொண்டு, நீர் சிலருக்கு ஆசாரியர் அல்லர், உலகுக்கே ஆசாரியர் என்று பொருள்படும் உலகாசிரியர் என்னும் பெயரைச் சூட்டினார்.

அப்பெயரின் பிற்கால வரலாறும் சுவையுடையது. நம்பிள்ளையின் மாணவராகிய வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் மைந்தருக்கு ஆசாரியரின் அப்பெயரையே இட்டார். அம்மைந்தரே பிள்ளை லோகாசாரியர். 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது அரங்கனின் உற்சவத் திருமேனியைக் காத்து எடுத்துச் சென்று, வழியிற் சோதிசுகுடியில் திருநாடு அலங்கரித்தவர் அவர். அவர் அருளிய ஸ்ரீவசன பூஷணத்தில், தமக்குக் குற்றம் செய்தார்திறத்து அடியவர் கொள்ள வேண்டியவை ஐந்து என்று வகுத்துள்ளார்: பொறுமை, இரக்கம், நகை, மகிழ்ச்சி, நன்றியுணர்வு. ஒரு வீட்டு வாயிலில் மன்னிப்பாற் பிறந்த பெயர், மன்னிப்புக்கே இலக்கணம் வகுத்தவரின் பெயராயிற்று!

இவ்வரலாறுகளிற் குறைசொன்ன முறையையும் நோக்குதல் வேண்டும். ஆழ்வான் கேட்டுக்கொள்ளப்பட்ட பின்னரே தம் கருத்தைக் காட்டினார். அதுவும் எழுத்தாணியை நிறுத்திய அளவில். தோழப்பரின் மனைவியார் ஊரார்முன் அன்றி இல்லத்தினுள் உரைத்தார். இருவரும் சொல்லிவிட்டுப் பிரிந்துபோகவில்லை, உடனிருந்தனர். பலரறியப் பழித்த தோழப்பரின் சொல்லும், இல்லத்தில் அவரைத் திருத்திய அம்மையாரின் சொல்லும் ஒரே கதையில் அருகருகே இருந்து, தூற்றுதலுக்கும் இடித்துரைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாமே விளக்குகின்றன.

பொன்மலை வாழ் அன்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. நாகப்பட்டினத்திலிருந்து 1920-களிற் பெயர்ந்து வந்து இவ்வூரை வளர்த்த இரயில்வே ஒர்க்ஷாப்பில், இரும்பிலுள்ள மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடித்துச் சொல்பவர் முன்பின் அறியாத பயணிகள் பலரின் உயிரைக் காப்பவராவர். வெடிப்பை மறைத்து மெருகிடுவோரை எவரும் நல்ல தொழிலாளர் என்னார். உள்ளத்து வெடிப்பைக் காட்டும் நண்பரையும் அவ்வாறே மதித்தல் வேண்டும். காட்டியவரிடம் நன்றியும், காயப்படுத்தியவரிடம் பொறையும், இருவரையும் உடைய இறைவனிடம் அடைக்கலமும் கொண்டு, புதுநீர் பெய்யப்பெற்ற கலசத்தின்கீழ் நிற்போமாயின், குடமுழுக்கின் பயன் கோபுரத்தோடு நில்லாது நம் நெஞ்சினும் இறங்கும்.